லேடி மேக்பெத்தின் ஆசைக்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில், அரசனைக் கொல்லக் கணவனைத் தூண்டும் லேடி மேக்பெத்தாகத் திரையில் நடித்தவர்களை ஒப்பிட்டு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். கட்டுரையாளர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் மதிப்பெண் போட்ட விதம் எனக்குச் சம்மதமில்லை. யாருடைய கண்ணைப் பார்த்தால் அதிகம் பயமாக இருக்கிறது, யாருடைய குரலில் விஷம் அதிகம் என்று பார்த்து நடிகைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். அந்தக் கணக்கு டங்கன் மன்னன் கொலையாகும் இரவோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மூன்று அங்கங்கள் இருக்கின்றன. போகிற போக்கில் அவளை ‘அரசனைக் குத்திக் கொன்றவள்’ என்றும் ‘ஸ்காட்லாந்தின் கைகேயி’ என்றும் எழுதியிருக்கிறார். முதலாவது தகவல் பிழை. இரண்டாவது அதைவிடப் பெரிய பிழை.

குத்தியவன் கணவன். காவலர்களுக்கு மருந்து கலந்த பானம் கொடுத்ததும், கத்திகளைத் தயாராக எடுத்து வைத்ததும் அவள். மேக்பெத் புத்தி தடுமாறிக் கத்திகளைக் கையோடு கொண்டுவந்து நிற்கும்போது, அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தூங்குகிற காவலர்கள் மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு வருகிறாள். தானே ஏன் குத்தவில்லை என்பதற்கும் அவள் வாயாலேயே பதில் இருக்கிறது. தூங்கும்போது கிழவர் தன் தகப்பனைப் போலத் தெரிந்தாராம், இல்லாவிட்டால் தானே முடித்திருப்பாளாம். இரவில் டார்ச் வெளிச்சத்தில் படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டு போனவர்களுக்கு இது புதிய செய்தியில்லை. தூங்கும் வயோதிகர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய தகப்பனாரைப் போலத்தான் இருப்பார்கள்.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி இரவுப் பணி. இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. ஆனால் இந்த நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் முதல் காட்சி எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்துக்கொள்வேன். நடு இரவு, ஒரு டாக்டர், ஒரு பணிப்பெண், தூக்கத்தில் நடக்கும் ஒரு நோயாளி. காட்சியின் முதல் வசனமே டாக்டருடையது. இரண்டு இரவு உன்னோடு விழித்திருந்து பார்த்துவிட்டேன், நீ சொன்னது எதுவும் நடக்கவில்லையே என்கிறார். நர்ஸ் சொன்னால் டாக்டர் நம்பமாட்டார் என்பது ஷேக்ஸ்பியருக்குத் தெரிந்திருக்கிறது! பணிப்பெண் பதறாமல் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறாள். படுக்கையிலிருந்து எழுந்தார், இரவு அங்கியை மேலே போட்டுக்கொண்டார், அலமாரியின் பூட்டைத் திறந்தார், தாளை எடுத்தார், மடித்தார், எழுதினார், படித்தார், முத்திரை வைத்தார், மறுபடி படுக்கைக்குப் போனார், இவ்வளவும் ஆழ்ந்த தூக்கத்தில். டூட்டி மாறும்போது அடுத்து வருகிறவளிடம் நாங்கள் சொல்வது இப்படித்தான் இருக்கும். அரசியார் என்ன பேசினார் என்று டாக்டர் கேட்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறாள். சாட்சி இல்லாமல் யாரிடமும் சொல்லமாட்டேன் என்கிறாள். அனுபவசாலி.

ஆகவே நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்தப் பணிப்பெண் நிற்கும் இடத்திலிருந்துதான் பார்ப்பேன். அங்கிருந்து பார்க்கையில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். லேடி மேக்பெத் ஏன் ஆசைப்பட்டாள் என்பதற்கு ஒவ்வோர் இயக்குநரும் ஒரு காரணம் தேடிக்கொண்டே இருக்கிறார். கணவனுக்கு அந்தச் சிரமம் அநேகமாக வருவதில்லை. தன்னைக் குத்தி ஓட்டத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை, எல்லை தாண்டிக் குதிக்கும் ஆசை ஒன்றுதான் இருக்கிறது என்று அவனே முதல் அங்கத்தில் ஒப்புக்கொள்கிறான். எல்லோரும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறோம். அதே ஆசை அவளுக்கு வந்தால் மட்டும் குழந்தை செத்திருக்க வேண்டும், காதல் இருந்திருக்க வேண்டும், வயது போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி சரியில்லாமல் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் ஏதாவது ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவளை வாசல் தாண்ட விடுகிறார்கள்.

கைகேயி ஒப்பீடு தவறு என்று நான் சொல்வதும் இதனால்தான். கைகேயி கேட்டது மகனுக்கு. அதற்கும் கூனி வந்து நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் ‘தீய மந்தரை இவ்வுரை செப்பலும் தேவி தூய சிந்தையும் திரிந்தது’ என்று பாடி, இமையோர் மாயையையும் துணைக்கு அழைக்கிறார் கம்பர். அவளை முழுப் பொறுப்பாளி ஆக்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரிக்குக் கூனி இல்லை. மகன் இல்லை. நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதாகக் கணவனின் கடிதம் ஒன்று வருகிறது, படித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிடுகிறாள். சூனியக்காரிகளைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

ஜஸ்டின் கர்சல் 2015இல் எடுத்த படம் ஒரு பச்சைக் குழந்தையின் ஈமச் சடங்கில் தொடங்குகிறது. மேக்பெத் தம்பதியின் குழந்தை. பால் கொடுத்து வளர்த்த அனுபவம் தனக்கு உண்டு என்று அவள் சொல்லும் ஒரு வசனம் நாடகத்தில் இருக்கிறது, அந்தக் குழந்தை என்ன ஆனது என்பது இல்லை. இயக்குநர் அந்த இடைவெளியை அடைத்துவிட்டார். மரியோன் கோட்டியார் வாய் திறக்கும் முன்பே நமக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது, அப்புறம் அவர் என்ன சொன்னாலும் துக்கத்தில் பேசுகிறார் என்றே கேட்கிறோம். நியாயமாகச் சொன்னால் கர்சல் கணவனுக்கும் போர்க்களத்தின் மனக்காயம் என்று ஒரு காரணம் தருகிறார், அதனால் அவரைப் பாரபட்சக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் தூக்கத்தில் நடக்கும் காட்சிக்கு அவர் செய்ததுதான் எனக்கு வியப்பு. நடையே இல்லை. கை கழுவுவதும் இல்லை, டாக்டரும் பணிப்பெண்ணும் இல்லை. தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து அந்த வசனம் முழுவதையும் மெல்லிய குரலில், முகத்தை விட்டு நகராத கேமராவுக்கு முன்னால் சொல்கிறார். கண்ணீர் ஒரே சீராக வருகிறது. கடைசியில், எதிரே செத்த குழந்தை உட்கார்ந்திருப்பதைக் காட்டுகிறார்கள். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த இடத்தில் இருப்பது குழந்தையை இழந்த தாய். அரசனின் ரத்தம் கையில் ஒட்டியவள் எங்கே போனாள் என்று தேடினேன். கிழவர் உடம்பில் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்று அவள் கேட்கிறாளே, அந்தக் கேள்வி குழந்தையிடம் கேட்கிற கேள்வியா?

அகிரா குரோசாவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ வெளிவந்தது 1957இல். அதிலும் குழந்தை வருகிறது, ஆனால் வருகிற இடம் வேறு. அதில் அவள் பெயர் அசாஜி. நடித்தவர் இசுசு யமாடா. ஜப்பானின் பழைய ‘நோ’ நாடக முகமூடியைப் போலவே முகத்தை அசைக்காமல் வைத்திருப்பார். புருவம் மழித்த நெற்றி, வெளுத்த பூச்சு. கணவன் வாஷிசு கூண்டில் அடைத்த மிருகம் போல அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான், இவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை அசையவில்லை. கண்ணைக்கூட அவன் பக்கம் திருப்புவதில்லை. குரல் ஏறவும் இல்லை. பேசுவதெல்லாம் சுத்தமான அரசியல்: நம் தலைவரும் முந்தைய தலைவரைக் கொன்றுதான் இந்த இடத்துக்கு வந்தார், ஆவி சொன்ன ஆரூடத்தை உங்கள் நண்பர் மிக்கி இந்நேரம் அவர் காதில் போட்டிருந்தால் உங்கள் கதி என்ன? குழந்தை என்ற பேச்சே அங்கு இல்லை. அவளுக்கு வேண்டியது கோட்டை. கேட்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு அவள் இருட்டான அறைக்குள் போய் மதுக் குடத்தோடு திரும்பி வருகிற காட்சி. அந்தக் கதவுக்கு அப்பால் முழு இருட்டு. உள்ளே போனவள் கரைந்துவிடுகிறாள், பட்டுத் துணி தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. திரும்பி வரும்போது அந்தச் சத்தம்தான் முதலில் வருகிறது, முகம் அப்புறம். காலடி ஓசையே இல்லை. நள்ளிரவில் நோயாளிகள் விழித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகிய எனக்கு அந்த நடையைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது. கொலை முடிந்து ரத்தம் வடியும் ஈட்டியோடு விறைத்து உட்கார்ந்திருக்கும் கணவனின் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு போகிறவளும் அவள்தான்.

அசாஜி கர்ப்பம் என்ற செய்தி கோட்டை கைக்கு வந்த பிறகுதான் வருகிறது. மிக்கியின் மகனை வாரிசாக்கிவிட வாஷிசு தயாராகும் நேரத்தில் அதைச் சொல்லி, மிக்கியையும் தீர்த்துவிட வைக்கிறாள். பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. அதன் பிறகுதான் கை கழுவும் காட்சி. அதுவரை கல்லாக இருந்த அந்த முகத்தில் எல்லா நரம்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது. குழந்தை இங்கே ஆசைக்குப் பின்னால் வந்தது, ஆசையோடு சேர்ந்து போனது. காரணமாக அதை வைத்திருந்தால் யமாடாவின் முதல் பாதி முகம் நமக்குக் கிடைத்திருக்காது. கட்டுரையாளர் யமாடாவுக்கு மூன்றாம் இடம் கொடுத்திருக்கிறார், ‘உணர்ச்சி குறைவு’ என்று காரணமும் எழுதியிருக்கிறார். அவர் அந்தக் கடைசிக் காட்சி வரை பார்த்தாரா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ பற்றி எனக்கே இரண்டு மனம். தபு நடித்த நிம்மி வயதான தாதா அப்பாஜியின் ஆசைநாயகி. அப்பாஜியின் வலது கையான மக்பூலை விரும்புகிறாள். இர்ஃபான் கான் மக்பூல். கேஸ் ஷீட் நிறைய காரணம் இருக்கிறது: காதல், கிழவன் மேல் அருவருப்பு, கிழவனின் கண் வேறொருத்தி மேல் போய்விட்டதால் வந்த பயம், அதற்குமேல் ஒரு கர்ப்பம். என் வாதப்படி இது எனக்குப் பிடிக்கவே கூடாது. ஆனால் தபு வரும் ஒவ்வொரு காட்சியிலும் இந்தக் காரணங்களுக்கெல்லாம் அடங்காத ஏதோ ஒன்று மிஞ்சி நிற்கிறது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தன்னைக் கொஞ்சிக் கூப்பிடச் சொல்லி அவனை மிரட்டும் இடத்தில் இருக்கிற குறும்பு, எந்தப் பரிதாபத்துக்கும் பிறந்ததில்லை. அவளுக்கு ஆட்டுவிப்பதில் ருசி இருக்கிறது. கொலை இரவில் பரத்வாஜ் ஒரு துணிச்சல் செய்திருக்கிறார். நாடகத்தில் அவள் வெளியே காத்திருப்பாள். இங்கே அப்பாஜி தூங்கும் அதே படுக்கையில் பக்கத்திலேயே இருக்கிறாள், சுட்டதும் ரத்தம் அவள் முகத்தில் தெறிக்கிறது. பின்னால் இல்லாத ரத்தத்தை அவள் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கும்போது, எங்கிருந்து வந்தது என்று நமக்குக் கேட்கத் தோன்றாது. பிரசவம் முடிந்த கையோடு அவளை மருத்துவமனையிலிருந்து மக்பூல் தூக்கிக்கொண்டு போகும்போது மட்டும் நான் வாய்விட்டுத் திட்டினேன், அது தொழில் புத்தி.

ரோமன் போலன்ஸ்கியின் 1971ஆம் ஆண்டுப் படத்தில் காரணம் இளமை. ஃபிரான்செஸ்கா அன்னிஸும் ஜான் ஃபின்ச்சும் புதுமணத் தம்பதி போலிருப்பார்கள். கணவன் பின்வாங்கினால் இவளுக்கு அழுகை வருகிறது, அழுதே காரியம் சாதிக்கிறாள். தூக்கத்தில் நடக்கும் காட்சியை ஆடையில்லாமல் எடுத்தார்கள், பேச்சும் அதைப் பற்றியே ஆகிப்போனது. பணிப்பெண் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அரசியார் இரவு அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று அவள் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாளே, அதை யாரும் படிக்கவில்லையா?

ஆர்சன் வெல்ஸின் 1948 படத்தை மிகக் குறைந்த செலவில் 23 நாளில் எடுத்து முடித்தார்கள். ஜெனட் நோலன் வானொலியில் பேர் வாங்கியவர், அவருக்கு அதுதான் முதல் படம். குரல் அபாரம், உடம்பு அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. இவரே பிறகு ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் அந்தத் தாயின் குரலுக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஜோயல் கோயன் 2021இல் கறுப்பு வெள்ளையில் எடுத்ததில் காரணம் வயது. பிரான்சஸ் மெக்டார்மண்டும் டென்சல் வாஷிங்டனும் அறுபதைத் தாண்டியவர்கள். இனிக் குழந்தையும் இல்லை, இதைவிட்டால் வாய்ப்பும் இல்லை. மற்ற காரணங்களைவிட இதை நான் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன். காரணம் என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை, முகச் சுருக்கத்தில் அது தானாக இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்ததும் அதற்குத் தீ வைக்கிறார், எரியும் தாள் காற்றில் பறந்து போகிறது. நீண்ட நாள் குடும்பம் நடத்திய பெண் ஒரு பாக்கியைத் தீர்த்துவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தில் மெக்டார்மண்ட் அவசரப்படுவதே கிடையாது. ஆனால் கோயன் கடைசியில் ஒரு விஷயத்தைக் குழப்பிவிட்டார். நாடகத்தில் அவள் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். இங்கே படிக்கட்டில் ராஸ் என்ற பிரபு அவளை நோக்கி வருவதைக் காட்டிவிட்டு வெட்டிவிடுகிறார். அவள் சாவைக்கூட அவள் கையில் விட்டுவைக்க மாட்டார்களா?

இதெல்லாம் முதல் பாதியைப் பற்றிய சண்டை. எனக்கு முக்கியம் அடுத்த பாதி. அரசியான பிறகு அவள் நாடகத்தில் பேசும் முதல் காரியங்களில் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு, அரசரிடம் போய், அவருக்கு ஓய்வான நேரத்தில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லியனுப்புகிறாள். யோசித்துப் பாருங்கள். கொலை இரவில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள், இப்போது சொந்தக் கணவனைப் பார்க்க ஆள் அனுப்பி நேரம் கேட்கிறாள். அடுத்த கொலைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு அவளிடம் சொல்லாமல் மறைக்கிறான். விருந்தில், அப்படிக் கொல்லப்பட்டவனின் ஆவியைப் பார்த்து அவன் உளறும்போது விருந்தினரைச் சமாளித்து அனுப்பிவைக்கிறாள். கடைசியில் உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்று மட்டும் சொல்கிறாள். அதோடு சரி. நான்காம் அங்கம் முழுவதிலும் அவள் இல்லை. அடுத்து நாம் அவளைப் பார்ப்பது கையில் விளக்கோடு.

இதை முழுசாகக் காட்டியவர் ஜூடி டென்ச். இயக்குநர் ட்ரெவர் நன் 1976இல் மேடையேற்றியதைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்து 1979இல் ஒளிபரப்பினார்கள், மேக்பெத் இயான் மெக்கெல்லன். அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, இருட்டும் முகங்களும்தான். டென்ச் தலையில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார், பார்த்தால் ஒரு சாதாரண வீட்டுப் பெண். தீய சக்திகளை அழைக்கும் இடத்தில், கூப்பிட்டுவிட்டு அவரே பயந்து பின்வாங்குகிறார், பிறகு மறுபடி துணிந்து கூப்பிடுகிறார். எந்தக் காரணமும் இல்லை, ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது, பயத்தைத் தாண்டி ஆசை ஜெயிக்கிறது. அதை நம் கண்ணெதிரே செய்து காட்டுகிறார். கணவனை அவர் நேசிப்பது தெரிகிறது, அதனால் விருந்துக்குப் பிறகு அவன் இவர் பக்கம் பார்க்காமல் பேசிக்கொண்டே போகும்போது முகத்தில் வெளிச்சம் அணைவதும் தெரிகிறது.

தூக்க நடைக் காட்சிக்கு வருகிறேன். விளக்கு எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அரசியின் உத்தரவு என்கிறாள் பணிப்பெண். முதல் அங்கத்தில் அடர்ந்த இரவே வா என்று கூவியவள் இவள். கை கழுவ வேண்டுமானால் அந்த விளக்கைக் கீழே வைக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சாரா சிடன்ஸ் என்ற நடிகை விளக்கைக் கீழே வைத்தபோது, வழக்கம் மாறுகிறதே என்று நாடகக் கொட்டகை நிர்வாகிக்குக் கவலை வந்ததாம்! இரண்டு கையும் இல்லாமல் எப்படிக் கழுவுவது? கால் மணி நேரம் விடாமல் இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன் என்கிறாள் பணிப்பெண். கால் மணி நேரம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் நாங்கள் முழங்கை வரை தேய்ப்பதுகூட அவ்வளவு நேரம் ஆகாது. அப்படித் தேய்த்தால் தோல் வெளுத்துச் சுருங்கி, விரல் இடுக்கு எரியத் தொடங்கும். கையை அவ்வளவு கிட்டத்தில் காட்டிய படம் குறைவு.

டென்ச் அந்தக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு விடும் ஓலம் இருக்கிறதே, நாடகத்தில் வெறும் மூன்று எழுத்துதான். அவர் அதை நீட்டிக்கொண்டே போகிறார், மூச்சு தீர்ந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. நெஞ்சில் பாரம் அதிகம் என்று டாக்டர் சொல்வது அதற்குப் பிறகு. மனநோய்ப் பிரிவில் இரவுப் பணி பார்த்த காலத்தில் அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் யாரும் திட்டமாட்டார்கள், எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

போகும் முன் டாக்டர் சொல்வது என்ன தெரியுமா? தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளக் கூடிய பொருள் எதையும் அவர் பக்கத்தில் வைக்காதே, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள். இன்றும் நாங்கள் அதே உத்தரவைத்தான் வாங்குகிறோம். அடுத்த சில காட்சிகளுக்குள் அவள் இறந்துவிடுகிறாள். பெண்களின் அழுகுரல் மட்டும் வெளியே கேட்கிறது. அந்தப் பணிப்பெண் அப்போது எங்கிருந்தாள், எதற்காகக் கண்ணை எடுத்தாள், யார் அவளைக் கேள்வி கேட்டார்கள் என்று எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை.

வேடிக்கைக்கு ஒன்று. ‘ஸ்காட்லாந்து, பிஏ’ என்று 2001இல் ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம் வந்தது. துரித உணவுக் கடையை அபகரிக்கும் கதை. மௌரா டியர்னி நடித்த பாட் என்பவளின் கையில் கொலையின்போது கொதிக்கும் எண்ணெய் தெறிக்கிறது. புண் ஆறிவிடுகிறது, அவள் மட்டும் ஆறவில்லை என்று களிம்பு மேல் களிம்பாகத் தடவிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் கையையே வெட்டிக்கொள்கிறாள். சிரிக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் இல்லாத புண்ணுக்கு மருந்து கேட்டு நிற்கும் அந்த முகம் பல பெரிய படங்களில் இல்லாதது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொருத்தி பின்சி. திலீஷ் போத்தன் 2021இல் எடுத்த ‘ஜோஜி’ மலையாளப் படத்தில் உண்ணிமாயா பிரசாத். ரப்பர் தோட்டத்துப் பணக்கார வீடு, அதட்டி ஆளும் தகப்பன், வளர்ந்தும் வளராத மகன்கள், அவர்களுக்குச் சமைத்துப் போடும் மருமகள் இவள். கொல்கிறவன் கணவனில்லை, கணவனின் தம்பி ஜோஜி. அவன் தகப்பனாரின் மாத்திரைகளை மாற்றி வைக்கிறான் (ஒரே மாதிரி இருக்கும் மாத்திரைகளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்). பின்சி கத்தி எடுத்துக் கொடுக்கவில்லை, ஆவிகளைக் கூப்பிடவில்லை. தெரிந்தும் பேசாமல் இருக்கிறாள். சாவு வீட்டில் எல்லோரும் கீழே கூடியிருக்க, ஜோஜி அறையை விட்டு வெளியே வரத் தயங்குகிறான். இவள் போய் மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள். கொரோனா காலம், எல்லோரும் போட்டிருக்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. அழுகை வராத முகத்துக்கு அவளே திரை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், சொத்தில் பங்கு வேண்டும். இது அவளுடைய ஆசை. செத்த குழந்தை, பழைய காதல் என்று எதுவும் கிடையாது, படம் நம்மிடம் இரக்கமும் கேட்கவில்லை. அவள் தூக்கத்தில் நடக்கவில்லை, கை கழுவவில்லை, சாகவும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவன் ஜோஜி.

கட்டுரையாளரிடம் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அவர் வரிசையில் டென்சும் பின்சியும் இல்லாதது இடப் பற்றாக்குறையால் இருக்கலாம். அடுத்த வாரம் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் 1979 பதிவின் தூக்க நடைக் காட்சியை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், கொலை இரவை விட்டுவிட்டு. கத்திக்குத்துப் பிழையைத் திருத்தமாக ஒரு வரி போட்டுவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்துத் தேர்வில் எழுதாமல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி